பதினாறு விக்கெட் எடுத்தவரை எப்போது நம்பலாம்?

2008 ஆகஸ்டில், அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன்: "முரளிக்கு வாரிசு கிடைச்சாச்சு." இலங்கையின் புதுச் சுழற்பந்து வீச்சாளர் அஜந்தா மெண்டிஸ் அப்போதுதான் கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் 13 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்து இந்தியாவைச் சுருட்டியிருந்தார். அடுத்து வந்த டெஸ்ட் தொடரில் மூன்றே போட்டிகளில் 26 விக்கெட். திராவிடும் லட்சுமணும் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து வருஷம் இவர் ராஜ்ஜியம்தான் என்று ஒரு பிரியாணிக்குப் பந்தயம் கட்டினேன். மெண்டிஸின் டெஸ்ட் கணக்கு 19 போட்டி, 70 விக்கெட்டோடு நின்றுபோனது. பிரியாணியை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அதே வாய்தான் 2018 ஜனவரியில், பும்ராவை கேப்டவுன் டெஸ்டில் இறக்கியபோது, "நாலு ஓவர் போடுற டி20 ஆளுக்கு டெஸ்ட்ல என்ன வேலை?" என்றும் கேட்டது. அவரது முதல் டெஸ்ட் விக்கெட் டி வில்லியர்ஸ். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 48 விக்கெட். இதற்கு யாரும் என்னிடம் பிரியாணி கேட்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

புதுசாக ஒரு பவுலர் வந்து ஒரு தொடரில் கலக்கிவிட்டால் உடனே வரும் கேள்வி: "நிஜமாவே நல்ல பவுலரா, இல்ல ரெண்டு மேட்ச் மச்சமா?" இதற்குப் பதில் சொல்ல நம் கையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஸ்கோர்கார்டு, உள்நாட்டுப் போட்டிகளின் கணக்கு, பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன், நம் கண், அப்புறம் பொறுமை, அதாவது அதே எதிரணியை இரண்டாவது முறை சந்திக்கும் வரை காத்திருப்பது. ஒவ்வொன்றையும் நம்பி ஏமாந்திருக்கிறேன் என்பதால் ஒப்பிடக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

அளவுகோலையே அளப்பதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, வேகம். எத்தனை போட்டிகள் ஆனதும் அந்த அளவுகோல் உருப்படியாக ஏதாவது சொல்லும்?

இரண்டாவது, கலப்படம். பிட்ச், எதிரணியின் பலவீனம், ஸ்லிப்பில், அதாவது பேட்டருக்குப் பின்னால் கேட்ச் பிடிக்க நிற்பவரின் கை, மறுமுனையில் அழுத்தம் கொடுக்கும் சீனியர் பவுலர் என்று எத்தனை பேருடைய உழைப்பு இந்தப் பையனின் கணக்கில் வரவாகிறது?

மூன்றாவது, உடம்பு. வேகப்பந்து வீச்சாளருக்கு இது பாதி விஷயம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட் எடுத்தார். பிறகு முழங்கால் காயம், அறுவை சிகிச்சை. இன்றுவரை அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். திறமையில் என்ன குறை கண்டோம்?

நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியம். எதிரணி உட்கார்ந்து வீடியோ போட்டுப் பார்த்து, இவர் வித்தையைப் படித்துவிட்டு வந்த பிறகும் விக்கெட் விழுமா?

| அளவுகோல் | எப்போது பேசும் | கலப்படம் | உடம்பைக் காட்டுமா | படித்த பேட்டரிடம் எடுபடுமா எனச் சொல்லுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஸ்கோர்கார்டு | 50 விக்கெட்டுக்கு மேல் | மிக அதிகம் | இல்லை | தாமதமாக | அவசரத் தீர்ப்பு |
| உள்நாட்டுக் கணக்கு | அறிமுகத்துக்கு முன்பே | ஓரளவு | நன்றாகக் காட்டும் | ஓரளவு | யாருக்கு எதிராக என்று தோண்ட வேண்டும் |
| ஸ்பீடு கன் | ஒரே ஓவரில் | குறைவு | கவனித்தால் காட்டும் | இல்லை | வேகத்தில் மயங்குவது |
| கண் | இரண்டு, மூன்று ஸ்பெல் (தொடர்ச்சியாகப் போடும் ஓவர்கள்) | நம் மனச்சாய்வு | கொஞ்சம் | கூர்ந்து பார்த்தால் | முழு நாள் உட்கார வேண்டும் |
| இரண்டாவது சந்திப்பு | ஒன்றிரண்டு வருஷம் | குறைவு | ஆம் | இதற்காகவே உள்ளது | காத்திருப்பு |

## ஸ்கோர்கார்டு

கையில் கிடைப்பது இதுதான், அதனால் எல்லோரும் இதையே எடுக்கிறோம். சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், ஸ்ட்ரைக் ரேட் என்பது ஒரு விக்கெட்டுக்குப் போட்ட பந்து. இரண்டும் நல்ல அளவைகள். சிக்கல் அவற்றில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புதுப் பவுலர் 500 ரன் கொடுத்து 20 விக்கெட் எடுத்திருக்கிறார், சராசரி 25. இதில் நான்கு கேட்ச்களை ஸ்லிப்பில் நின்றவர் நழுவ விட்டிருந்தால் 16 விக்கெட், சராசரி 31-க்கு மேல். மாறாக, ஏற்கெனவே நழுவிய நான்கு கேட்ச்கள் கையில் ஒட்டியிருந்தால் 24 விக்கெட், சராசரி 21-க்குக் கீழே. அதே பையன், அதே பந்துகள். ஒரு கணக்கில் அவரை அணியை விட்டுத் தூக்கச் சொல்வார்கள், இன்னொன்றில் அடுத்த மெக்ராத் என்பார்கள். இதே நான்கு கேட்ச் 2500 ரன்னுக்கு 100 விக்கெட் எடுத்தவரின் கணக்கில் நேர்ந்தால் சராசரி 24, 26 என்று ஒரு ரன் இப்படி அப்படி நகரும், அவ்வளவுதான்.

அறிமுக டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தவர்கள் வரலாற்றில் இரண்டே பேர். 1972-இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி, 137 ரன்னுக்கு. 1988 ஜனவரியில் நம்ம சேப்பாக்கத்தில் 19 வயது நரேந்திர ஹிர்வானி, 136 ரன்னுக்கு. மாஸி ஆடியது மொத்தமே 6 டெஸ்ட், 31 விக்கெட். ஹிர்வானியின் கதை இன்னும் சுவாரசியம். முதல் நான்கு டெஸ்டில் 36 விக்கெட், அத்தனையும் இந்திய மண்ணில். அடுத்து ஆடிய 13 டெஸ்ட்களில் 30 மட்டுமே. சேப்பாக்கம் ஸ்கோர்கார்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும்: அந்தப் போட்டியில் விக்கெட் கீப்பர் கிரண் மோரே செய்த ஸ்டம்பிங் மட்டும் 6. பந்து கன்னாபின்னாவென்று திரும்பிய ஆடுகளத்தில், லெக் ஸ்பின்னை இறங்கி வந்து அடிக்கப் பார்த்த மேற்கிந்தியத் தீவுகள் மாட்டிக்கொண்டது. ஹிர்வானி நன்றாகப் போட்டார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பதினாறில் பிட்சுக்கும் மோரேவுக்கும் பங்கு உண்டு.

அக்சர் படேலுக்கு 2021-இல் கிடைத்த தொடக்கமும் இந்த ரகம்தான்: இங்கிலாந்துக்கு எதிராக மூன்று டெஸ்டில் 27 விக்கெட், சராசரி 10.59. அதில் ஒரு போட்டி, அகமதாபாத் பகலிரவு டெஸ்ட், இரண்டே நாளில் முடிந்தது. இலங்கையின் பிரபாத் ஜெயசூர்யா 7 டெஸ்டில் 50 விக்கெட்டைத் தொட்டபோது அவற்றில் பெரும்பாலானவை காலேயில் எடுத்தவை. இவர்கள் மோசமான பவுலர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த எண்களை வைத்து இவர்கள் பெர்த்தில் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது என்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1992 ஜனவரியில் சிட்னியில் ஒரு பொன்முடிக்காரர் அறிமுகமானார். ரவி சாஸ்திரி இரட்டைச் சதம், சச்சின் ஆட்டமிழக்காமல் 148. புதியவரின் கணக்கு 150 ரன்னுக்கு 1 விக்கெட். ஸ்கோர்கார்டை மட்டும் நம்பியிருந்தால் ஷேன் வார்ன் என்ற பெயரை அன்றே மறந்திருக்கலாம். அவர் எடுத்தது 708 விக்கெட்.

இது எப்போது சரியான தேர்வு? 50, 60 விக்கெட் ஆன பிறகு. அப்போதும் உள்ளூர், வெளியூர் என்று பிரித்துப் பார்த்தால்தான். அதற்கு முன் ஸ்கோர்கார்டு வாட்ஸ்அப் சண்டைக்கு உதவும்.

## உள்நாட்டுக் கணக்கு

அழகில்லாத வேலை. ரஞ்சி, ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்டு ஷீல்டு, இங்கிலாந்தின் கவுண்டி என்று யாரும் பார்க்காத போட்டிகளின் கணக்கைத் தோண்ட வேண்டும். ஆனால் அங்கே ஒருவர் இருநூறு, முந்நூறு விக்கெட் எடுத்திருந்தால், ஸ்கோர்கார்டில் நாம் பார்த்த அந்த நாலு கேட்ச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

ஸ்காட் போலண்ட் 2021 டிசம்பரில் மெல்போர்னில் ஆஷஸ் டெஸ்டில் அறிமுகமானபோது வயது 32. இரண்டாவது இன்னிங்ஸில் 4 ஓவர், 7 ரன், 6 விக்கெட். இங்கிலாந்து 68-க்கு ஆல் அவுட். உலகமே அதிசயித்தது. விக்டோரியாவுக்கு அவர் வருஷக்கணக்காக அதே லெங்த்தில் (பந்து தரையில் படும் தூரத்தில்) குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் மட்டும் அதிசயிக்கவில்லை. பும்ரா விஷயத்தில் நான் சறுக்கியதும் இங்கேதான். குஜராத்துக்காக 2013 முதலே ரஞ்சி ஆடியவரை ஐபிஎல் கண்ணாடி போட்டுப் பார்த்து "நாலு ஓவர் ஆள்" என்றேன். நாள் முழுக்கப் போட்டுப் பழகியவர் என்று அந்தக் கணக்கு சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் கேட்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு, யாருக்கு எதிராக என்ற கேள்வி. 2018-19 ரஞ்சியில் பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து, பிஷன் சிங் பேடியின் 64 என்ற பழைய சாதனையைத் தாண்டினார். ஆனால் அது பிளேட் பிரிவு. எதிரே இருந்தவை பெரும்பாலும் அந்த வருஷம்தான் ரஞ்சிக்குள் வந்த அணிகள். ஜெயதேவ் உனட்கட் 2019-20இல் 67 விக்கெட் எடுத்துச் சௌராஷ்டிராவுக்குக் கோப்பையே வாங்கித் தந்தார். 2010-இல் ஒரு டெஸ்ட் ஆடியவருக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2022 டிசம்பரில். உள்நாட்டுக் கணக்கு நல்லதாக இருந்தாலும் தேர்வாளர்கள் அதை எந்த விலைக்கு எடுப்பார்கள் என்பது வேறு கதை.

இந்த அளவுகோல் முழுசாகக் கைவிடும் இடமும் உண்டு. கயானாவின் ஷமர் ஜோசப் 2024 ஜனவரியில் அடிலெய்டில் இறங்கும்போது ஆடியிருந்தது ஐந்தே முதல்தரப் போட்டிகள். டெஸ்டில் போட்ட முதல் பந்திலேயே ஸ்டீவ் ஸ்மித் காலி. அடுத்த டெஸ்டில், முந்தின நாள் ஸ்டார்க்கின் யார்க்கர் பட்ட கால்விரலோடு வந்து 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளை 8 ரன்னில் ஜெயிக்க வைத்தார். தோண்டிப் பார்க்க அவருக்குப் பின்னால் கணக்கே இல்லை.

## ஸ்பீடு கன்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2022 ஐபிஎல்லில் உம்ரான் மாலிக் மணிக்கு 150 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டினார், 22 விக்கெட் எடுத்தார், இந்திய அணிக்கும் வந்தார். அடுத்த வருஷமே அணியில் இடம் போனது. தென்னாப்பிரிக்காவின் வெர்னான் ஃபிலாண்டர் 130-ஐ ஒட்டியே வீசியவர். 2011 நவம்பரில் கேப்டவுனில் ஆஸ்திரேலியாவை 47-க்குச் சுருட்டிய அறிமுகம், 7 டெஸ்டில் 50 விக்கெட், கடைசியில் 22.32 சராசரியில் 224 விக்கெட். வேகத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் இவர்களில் யாரை எடுத்திருப்போம்?

ஆனாலும் திரையின் மூலையில் வரும் அந்த எண்ணை நான் விடுவதில்லை. உச்ச வேகம் எனக்கு வேண்டாம். காலையில் 142 போட்டவர் மாலை மூன்றாவது ஸ்பெல்லில் என்ன போடுகிறார் என்பது வேண்டும். 140-லேயே நின்றால் உடம்பு தயார். 132-க்கு இறங்கினால் ஐந்து டெஸ்ட் தொடர் தாங்காது. இன்னொன்று, மெதுவான பந்துக்கும் வழக்கமான பந்துக்கும் இடையே உள்ள இடைவெளி. இரண்டையும் ஒரே கைவீச்சில் போட முடிந்தால் டி20-இல் பிழைத்துக்கொள்வார்.

## கண்

பிடித்த அளவுகோல் எனக்கு இதுதான். அதிகம் ஏமாற்றியதும் இதுதான்.

கண்ணுக்கு இரண்டு நோய்கள். ஒன்று, பாடப்புத்தக ஆக்ஷன் மோகம்: கை காதை உரசிக்கொண்டு போனால் நல்ல பவுலர், கோணலாக வந்தால் சந்தேகம். பும்ராவின் நாலடி ஓட்டத்தையும் விறைத்த கையையும் பார்த்து "முதுகு போயிடும்" என்றார்கள். முதுகு போகவும் செய்தது, 2019-இல் எலும்பில் விரிசல், 2023-இல் அறுவை சிகிச்சை. ஆக, கண் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே கோணல் கையால்தான் அவர் பந்தை விடும் இடம் கிரீஸுக்கு வெகு முன்னால் வருகிறது, பேட்டருக்கு நேரம் குறைகிறது. அதை எத்தனை பேர் பார்த்தோம்?

இரண்டாவது நோய் இதற்கு நேர் எதிர்: விசித்திர மோகம். மெண்டிஸில் நான் விழுந்தது இதில்தான். நடுவிரலால் சுண்டிவிடும் அந்தப் பந்துக்கு உலகம் கேரம் பால் என்று பேர் வைத்தது. சென்னையின் டென்னிஸ் பந்து மைதானங்களில் அது ஏற்கெனவே சொடுக்கு பந்து. அஸ்வின் அதை அங்கிருந்துதான் எடுத்தார். வித்தியாசத்தைப் பாருங்கள். அஸ்வினுக்கு மூலதனம் ஆஃப் ஸ்பின், சொடுக்கு பந்து மேல்வரும்படி. 537 டெஸ்ட் விக்கெட் வந்தது. மெண்டிஸுக்கு அந்தப் புதிர்தான் மூலதனம். புதிர் அவிழ்ந்த அன்று கையில் வேறு பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

வெட்கமான விஷயம், விடை 2008-லேயே கண்முன் இருந்தது. காலே டெஸ்டில் மெண்டிஸ் 10 விக்கெட் எடுத்தார். அதே போட்டியின் முதல் இன்னிங்ஸில் இந்தியா எடுத்த 329-இல் சேவாக் மட்டும் ஆட்டமிழக்காமல் 201. ஒருவர் படித்துவிட்டால் மற்றவர்களும் படிப்பார்கள். நான் 10 விக்கெட்டைப் பார்த்தேன், 201-ஐப் பார்க்கவில்லை.

இப்போது என்ன பார்க்கிறேன் என்றால், விழுந்த விக்கெட்டை அல்ல. ஃபோர் போன அடுத்த பந்தை. பயந்து ஷார்ட்டாகப் போடுகிறாரா, கோபத்தில் பவுன்சரா, இல்லை அதே இடத்தில் மறுபடியும் குத்துகிறாரா. புதுப்பந்தின் பளபளப்பு போன 45-வது ஓவரில் கேப்டன் இவரிடம் பந்தைக் கொடுக்கிறாரா, ஒளித்து வைக்கிறாரா. வலக்கை பேட்டருக்கு நன்றாகப் போடுகிறவர் இடக்கை பேட்டர் வந்ததும் லைனைத் தேடித் தவிக்கிறாரா. வார்னின் அந்த 150 ரன்னிலும் பந்து எவ்வளவு திரும்பியது என்பதைக் கண் உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள்.

செலவு நேரம்தான். ஹைலைட்ஸ் பார்த்துக் கண்ணை நம்பக் கூடாது. ஹைலைட்ஸில் எல்லாப் பவுலரும் வாசிம் அக்ரம்.

## இரண்டாவது சந்திப்பு

அதே எதிரணி, இன்னொரு முறை. முடிந்தால் இன்னொரு ஊரில். மெண்டிஸ் 2009 நவம்பரில் இந்தியா வந்தார். கான்பூரில் இந்தியா 642 குவித்தது, அவருக்குக் கிடைத்தது 162 ரன்னுக்கு 2 விக்கெட். 2008-ஐ மட்டும் வைத்துப் பேசிய எனக்கு அன்றுதான் பிரியாணி கைநழுவியது தெரிந்தது.

முஸ்தாஃபிசுர் ரஹ்மான் 2015-இல் இந்தியாவுக்கு எதிராக முதல் மூன்று ஒருநாள் போட்டிகளில் 13 விக்கெட் எடுத்தார், விரலால் வெட்டிவிடும் கட்டர் பந்துகளில் பெரிய தலைகளே தடுமாறின. அடுத்த வருஷம் தோளில் அறுவை சிகிச்சை. பேட்டர்களும் கட்டரைப் படித்தார்கள். ஆனால் அவர் காணாமல் போகவில்லை. அந்த ஆரம்பப் பயங்கரம் குறைந்து, டி20-இல் நம்பகமான கை என்ற இடத்தில் நின்றார். இரண்டாவது சந்திப்பு எல்லோரையும் ஒழித்துவிடாது, சரியான உயரத்தில் வைக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். வருண் சக்கரவர்த்தி 2021 டி20 உலகக் கோப்பையில் துபாயில் மூன்று போட்டி ஆடி ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. அதில் ஒன்று நியூசிலாந்துக்கு எதிராக. மிஸ்டரி ஸ்பின்னர் என்ற பட்டம் கேலியானது, மூன்று வருஷம் ஓரங்கட்டப்பட்டார். பந்தின் சுழற்சியையே பக்கவாட்டிலிருந்து மேல்நோக்கி மாற்றிக்கொண்டு திரும்பினார். 2025 சாம்பியன்ஸ் டிராபி, அதே துபாய், அதே நியூசிலாந்து: 42 ரன்னுக்கு 5 விக்கெட்.

இவ்வளவு நல்ல அளவுகோலுக்கு விலை பெரிது. பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் 79 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் முதுகும் மற்ற காயங்களும். இரண்டாவது சந்திப்புக்குக் காத்திருந்தவர் ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கல், அந்த இரண்டாவது சந்திப்பிலும் பிட்ச் புகுந்து விளையாடும். 2025-இல் ஆஸ்திரேலியா கரீபியனுக்குப் போனபோது ஷமர் ஜோசப் மறுபடியும் விக்கெட்டாகக் குவித்தார். ஆனால் அந்தத் தொடரில் பேட்டர் நிற்கவே முடியவில்லை, கிங்ஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகளே 27-க்கு ஆல் அவுட். அதனால் அவர் விஷயத்தில் என் தீர்ப்பு இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

## எந்த நேரத்தில் எது

அறிமுகத்துக்கு முந்தைய நாள் கேட்டால், உள்நாட்டுக் கணக்கு. அதுவும் வெறும் விக்கெட் எண்ணிக்கையை விட, ஒரு சீசனில் எத்தனை ஓவர் போட்டார் என்பது. சீசனுக்கு 300 ஓவர் தாங்கியவர் டெஸ்ட் தாங்குவார். நூறு ஓவருக்குள் நின்றவர் என்றால் திறமை எவ்வளவு இருந்தாலும் எனக்குப் பயம்தான்.

முதல் தொடரின் போது, கண்ணும் ஸ்பீடு கன்னின் மாலை நேர எண்ணும். ஸ்கோர்கார்டைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

முதல் தொடருக்கும் 50 விக்கெட்டுக்கும் நடுவே உள்ள காலம்தான் குழப்பம். இங்கே நான் இரண்டாவது சந்திப்பின் பக்கம். அதற்குக் காத்திருக்க முடியாத தேர்வாளர் இடத்தில் இருந்தால், விசித்திர ஆக்ஷன்காரரை விட ஒரே இடத்தில் பந்தைக் குத்துகிறவரை எடுப்பேன். போலண்ட், ஃபிலாண்டர் ரகம். பேட்டர் படித்து முடித்தாலும் அந்தப் பந்தை ஆடித்தான் ஆக வேண்டும்.

டி20-க்கு இந்த வரிசை பொருந்தாது. நான்கே ஓவர். கடைசி ஓவரில் எல்லோரும் சுற்றுவதால் விழும் விக்கெட்டுக்கு மதிப்புக் குறைவு, எகானமிகூட (ஓவருக்குக் கொடுத்த ரன்) எந்த ஓவரைப் போட்டார் என்று தெரியாமல் அர்த்தமில்லாதது. பவர்பிளேயில் (முதல் ஆறு ஓவரில்) 8 ரன் கொடுப்பதும் 19-வது ஓவரில் 8 ரன் கொடுப்பதும் ஒன்றா? அங்கே நான் கேட்பது ஒன்றுதான்: கேப்டன் இவருக்கு 19-வது ஓவரைத் தாமாகக் கொடுக்கிறாரா, வேறு வழியில்லாமல் கொடுக்கிறாரா?

ஒரு பழைய டைரி வைத்திருக்கிறேன். புதுப் பவுலர் யாராவது ஆசையைக் கிளப்பினால் பெயர், எதிரணி, ஊர், பிட்ச் எப்படி, அவரை நன்றாக ஆடிய ஒரே ஒரு பேட்டர் யார் என்று எழுதிவைப்பேன். அந்தக் கடைசிக் கட்டம் மெண்டிஸுக்குப் பிறகு சேர்த்தது. இப்போது அதில் இரண்டு பெயர்கள் இரண்டாவது சந்திப்புக்காகக் காத்திருக்கின்றன. பந்தயம் எதுவும் கட்டவில்லை.